முப்பத்தொன்றாம் பக்கம்

காரம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, ஐயா. குண்டூரில் பதினோரு வருடமாக மோர்சாதத்திலேயே காலம் தள்ளுகிறேன். இந்தப் பஜ்ஜியெல்லாம் வேண்டாம், தண்ணீர் போதும்.

என் பெயர் பணீந்திரா. பிசினஸ் அனலிஸ்ட். ஒரு இடத்தில் வேலை எப்படி நடக்கிறதென்று ஆட்களிடம் கேட்டுக்கேட்டு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. மனிதர்களுக்குத் தெரிந்தது மூன்று வகை. ஏட்டில் இருப்பது ஒன்று. கேட்டால் வாயில் வருவது இன்னொன்று. மூன்றாவது கைக்குத் தெரியும், ஆளுக்கே தெரியாது. முதல் இரண்டிலும் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. மூன்றாவதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள் சுவர்ச்சலா. என் கம்பெனிதான், என்னைவிட எட்டு வயது இளையவள்.

முதலாளி சௌதரி காருவின் மிளகாய்க் குளிர்கிடங்கில் எங்கள் இருவருக்கும் வேலை. அங்கே குளிரூட்டும் அம்மோனியா இயந்திரங்களை இருபத்தாறு வருடமாக ஓட்டும் ஏடுகொண்டலு முழங்கால் ஆபரேஷனுக்குப் போக இருந்தார். அதற்குள் அவருக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி, அவருக்குப் பதிலாக நரசராவுபேட்டையிலிருந்து வரும் சாம்பய்யா கையில் கொடுக்க வேண்டும். நான் நான்கு நாள் எதிரில் உட்கார்ந்து நூற்றுப்பத்துக் கேள்வி கேட்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவர் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள், இயந்திரத்தின் கழிவெண்ணெய் வந்து சேரும் கலத்தின் வால்வைத் திறக்கப்போனவரை நிறுத்தினாள். அவரைச் சித்தப்பா முறையில் பாபாய் என்பாள்.

"பாபாய், எதுக்குக் கலத்தத் தொட்டுப் பாத்தீங்க?"

"நான் எங்கம்மா தொட்டேன்?"

"மூணு நாளா பாக்குறேன். தொட்டுட்டுத்தான் திறக்குறீங்க. நேத்து தொட்டுட்டுத் திறக்காமலே போயிட்டீங்க."

ஏடுகொண்டலு தன் கையையே பார்த்தார். "அட, ஆமா! சில்லுன்னு இருந்தா உள்ள அம்மோனியா நிக்குதுன்னு அர்த்தம். திறந்தா மூஞ்சியில அடிச்சிடும். பிரஷர் முள்ளு பூஜ்யம் காட்டினாலும் நம்பக்கூடாது. இது எனக்கே தெரியாதே!" பிறகு என் பக்கம் திரும்பினார். "என்ன பணீந்திரா காரு, உங்க நூத்திப்பத்துல இது வரலயே?"

சௌதரி காருவும் சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன்.

அவள் தன் கையால் எழுதித் தந்த முப்பத்தொன்றாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது: 'கலம் சில்லென்றிருந்தால் திறக்காதே.' எல்லாவற்றையும் ஒரே ஏடாகத் தொகுப்பவன் நான். கேள்விக்குப் பதிலாக வந்ததை மட்டும் சேர்ப்பது என் வழக்கம். இது எந்தக் கேள்விக்கும் பதிலில்லை. எடுத்துவிட்டேன். பக்கத்தின் அடியில் அவள் பெயரை மட்டும் அப்படியே போட்டேன். அடுத்தவர் உழைப்பைத் திருடுகிறவன் இல்லை நான்.

ஏடுகொண்டலு ஆஸ்பத்திரியில் படுத்த மூன்றாம் நாள் சாம்பய்யா ஏட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு வரி பிசகாமல் செய்தார். காலையில் நானே போய்க் கலத்தைத் தொட்டுப் பார்த்திருந்தேன். சில்லென்றிருந்தது. இயந்திர அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். முள் பூஜ்யத்தில் இருந்தது. அவர் தொடவில்லை என்பதைக் கவனித்தேன். கவனிக்க எனக்கும் வருகிறது என்று ஒரு திருப்தி. திறந்தார். அம்மோனியா முகத்தில் அடித்தது. பெரியாஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. இரண்டு பெண்கள் அவருக்கு.

சுவர்ச்சலா, தன் பெயர் போட்ட பக்கத்தில் அந்த வரியைக் காணாமல், தான்தான் எழுத மறந்துவிட்டதாக அழுதாள். நாலு பேர் அவளை ஏசுவார்கள் என்று பார்த்தேன். சாம்பய்யாவின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வேணும்னா செஞ்சே? உன் ஒருத்திக்காவது அது தெரிஞ்சுதேம்மா" என்றாள். ஏடுகொண்டலு வாக்கரை ஊன்றிக்கொண்டு வந்து அவள் தலையைத் தடவினார். அங்கே என்னை உட்காரச் சொல்லக்கூட ஆளில்லை.

உங்கள் விபத்து விசாரணை அறிக்கையில் அவள் மறதியால் நேர்ந்த சாவு என்று எழுதியிருக்கிறீர்கள். அடித்துவிடுங்கள், ஐயா. அவள் கையெழுத்துப் பக்கம் என் அலமாரியில் இருக்கிறது. அந்த வரியை எடுத்தவன் நான். தெரிந்தே சாம்பய்யாவைத் திறக்கவிட்டவனும் நான். முழுக்க என் வேலை. இதையும் அவள் பெயரில் எழுதினால் நான் பொறுக்கமாட்டேன்.