மூணுக்குக் கீழே சைபர்

சிவசாமி: மெதுவா பேசு கோசலா. வாசல்ல எங்க தேயிலத் தோட்டத்து ஆளுங்க நிக்கிறாங்க.

கோசலா: தூண்டில்ல மாட்டுற ரப்பர் மீனு வாங்குறதுக்கு எதுக்குங்க ஐயா ஒளியணும்? மஸ்கெலியாவுலயே கடை இருக்கே. அட்டனுக்கு பஸ் ஏறி வந்திருக்கீங்க...

சிவசாமி: அங்க வாங்குனா ஊரே கேக்கும், ரிட்டையர் ஆன கணக்குப்புள்ளைக்குத் தூண்டிலு எதுக்குன்னு. ஆமா, ஒங்கப்பாவோட இரும்புக்கடையில இதெல்லாம் எப்ப வந்துச்சு?

கோசலா: நான் கல்லாவுல ஒக்காந்ததுலேருந்து. போன்லயே நாடு பூரா ஆர்டர் போகுது. சரி, யாருக்கு?

சிவசாமி: மருமகனுக்கு.

கோசலா: ஒங்க மக ஹம்சினிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?

சிவசாமி: ஆகப்போகுது... திருகோணமலைப் பையன். கேள்வி கேக்காம சாமான எடு. இந்தா, அங்கிருந்து வந்த மெசேஜ்.

கோசலா: வாசிங்க.

சிவசாமி: "கடலுக்கு ஜிக் ஹெட்"... அப்புறம் மூணு, கோடு, கீழ சைபர். அதாவது மூணு நாள் மலைக்குப் போயும் கொழுந்து பத்தாம ஒரு நாள் சம்பளத்துக்கும் பேரு விழல.

கோசலா: ஐயோ, இது தோட்டத்துச் சம்பளக் கணக்கு எழுதுற செக்ரோல் இல்லீங்க! தூண்டில் முள்ளோட சைஸு. வெறும் நம்பர்னா கூடக்கூட முள்ளு சிறுசாகும். கோடு போட்டு சைபர் வந்தா, கூடக்கூட பெருசாகும்.

சிவசாமி: எவன் போட்ட கணக்கு இது? எங்கிட்ட வேலைக்கு இருந்திருந்தா அன்னைக்கே அவனை நிப்பாட்டியிருப்பேன்.

கோசலா: ஜிக் ஹெட்டுன்னா முள்ளோட கழுத்துல ஈயத்தலை ஒட்டியிருக்கும், இப்படி. ரப்பர் மீனு வாயில குத்தி, முள்ளு நுனி நடு முதுகுல வெளிய வரணும். வச்சுப் பாருங்க...

சிவசாமி: வாலுகிட்ட வந்தா?

கோசலா: வாலு ஆடாது. கடல் மீனு சிரிச்சிட்டுப் போயிரும்.

சிவசாமி: மீனு வேற சிரிக்கணுமா... சரி, ஈயம் நல்லா பெருசா குடு. பாக்க மதிப்பா இருக்கும்.

கோசலா: மதிப்புக்கு இல்லீங்க, ஆழத்துக்குத்தான் ஈயம். அங்க இடுப்பளவு தண்ணி, மணல் தரை. ஏழு கிராம் போதும்.

சிவசாமி: இடுப்பளவுன்னு நான் சொல்லவே இல்லையே?

கோசலா: அது... பொதுவா சொன்னேங்க. இந்த முள்ளு உப்புத்தண்ணிக்குத் துரு புடிக்காது. பாரை மீனு இழுத்தாலும் நிமிராது.

சிவசாமி: இழுக்குமா?

கோசலா: ஆளையே இழுக்கும். ஏங்க முகம் வெளுக்குது? மருமகன்தானே புடிக்கப்போறாரு?

சிவசாமி: மருமகன் இல்ல புள்ள.

கோசலா: பின்ன யாருங்க?

சிவசாமி: நான்தான். சம்பந்தி யோகேஸ்வரன் போன்ல, கடல்தான் எனக்கு வீடுன்னு அளந்தாரு. எனக்குச் சும்மா இருக்க ஏலுமா? மஸ்கெலியா டேம்ல நான் புடிக்காத மீனான்னு நானும் அளந்துட்டேன்... ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் கடல்ல எறங்குவோம்னுட்டாரு.

கோசலா: நெசமா மீனு புடிச்சிருக்கீங்களா?

சிவசாமி: டின் மீனு தொறந்திருக்கேன்.

கோசலா: ஐயோ... ஐயோ...

சிவசாமி: சிரிக்காத புள்ள! இது பொய்யின்னு தெரிஞ்சா, எம் மகளைப் பத்திச் சொன்னதும் பொய்யின்னுதானே நெனைப்பாரு? அவ அந்தப் பையன் மேல உசுரையே வச்சிருக்கா.

கோசலா: அப்ப போனதும் உண்மையச் சொல்லிருங்க.

சிவசாமி: கடல்காரருகிட்டயா? கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு தொரத்திருவாரு!

கோசலா: தொரத்த மாட்டாரு.

சிவசாமி: ஒனக்கு எப்படித்... இரு. மேசை மேல என்னா பார்சல் அது? இதே ரப்பர் மீனு, இதே ஏழு கிராமு, மூணுக்குக் கீழ சைபர்... அட்ரஸு திருகோணமலை. ஏன் கைய வச்சு பேரை மறைக்கிற?

கோசலா: அது வேற யாவாரங்க. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.

சிவசாமி: வீட்டு வாசல்ல கடலை வச்சிக்கிட்டு, மலையிலேருந்து முள்ளு வாங்குறானா? எவன் அந்தக் கிறுக்கன்?

கோசலா: அங்க வாங்குனா ஊரே சிரிக்குமாம். முள்ளு கட்டவே போன வாரம் போன்ல நான்தான் கத்துக் குடுத்தேன். பேரை மட்டும் சொல்ல மாட்டேங்க ஐயா... ஆனா ஒங்க சம்பந்திக்கும் செக்ரோல்ல இன்னும் பேரு விழல.