வழங்குநர் என்ற சொல்லுக்காக விழாவையே விட்டுக்கொடுத்த ஆசிரியருக்கு

வாயாடிச் சொற்களை வாலறுத்து, வழிதவறிய சொற்களை வரிசைக்குக் கொணர்ந்த எங்கள் அகராதி ஆசிரியரே! நீட்டி எழுதியவர் எவராயினும் நெஞ்சிரங்காமல் நறுக்கியதால் 'கத்தரி அக்கா' என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் அழைத்த பெருமாட்டியே! இன்று முகத்துக்கு நேரே அழைக்கிறோம், பொறுத்தருள்க!

உங்கள் பணி நிறைவு விழாவுக்கான இம்மடல் அரங்கில் ஒலித்திருக்க வேண்டும். அரங்கைப் பூட்டிச் சாவியை இயக்குநர் எடுத்துக்கொண்டதால், மை வாடை வீசும் அச்சுக்கூடத்தில், காகிதக் கட்டுகளை இருக்கைகளாக்கிக் கூடியிருக்கிறோம். அவர் எந்த நேரமும் இந்தக் கதவைத் திறக்கலாம். திறந்தாலும் வாசிப்பு நிற்காது. வாசிப்பவர் குரல் தடுமாறினால் அருகிலிருப்பவர் தொடர்வார் என்று பேசி வைத்திருக்கிறோம்.

எல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை! 'வழங்குநர்: சிறப்பையோ பரிசையோ பிறருக்கு அளிப்பவர்' என்று எழுதினீர்கள். 'உயர்நிலையில் இருந்து அளிப்பவர்' என்று திருத்தச் சொன்னார் இயக்குநர். மறுத்ததோடு நில்லாமல் எடுத்துக்காட்டும் சேர்த்தீர்கள்: 'தேநீர் போடுபவர் இயக்குநருக்குப் பதக்கம் அணிவித்தார், தேநீர் போடுபவரே வழங்குநர்.'

"டீ போடறவர் எனக்குப் பதக்கம் குத்துறதா? அந்த வரியை எடுங்க. இல்லைன்னா நாளைக்கு உங்க விழாவே கிடையாது" என்று அவர் மேசையைத் தட்டியதில் கோப்பையிலிருந்த தேநீர் கோப்புகளின் மேல் சிந்தியது.

"விழா வேண்டாம் சார், வரி இருக்கட்டும். இயக்குநருக்கும் வழங்குநருக்கும் விகுதி ஒண்ணுதான். அதுக்காக ரெண்டும் ஒரே ஆள் ஆயிடுமா?" என்றீர்கள், சிந்தியதைத் துடைத்துக்கொண்டே.

தலை வணங்காத் தகைமையே! தளர்வறியாத் தமிழே! எங்கள் பிழைகளுக்காக மேலிடத்தில் திட்டு வாங்கியவரும் நீங்களே. திரும்பி வந்து அதை வட்டியோடு எங்களுக்குத் தந்தவரும் நீங்களே. அந்த வரி போய்விட்டதென்று எண்ணித்தான் இன்று காலை எவர் முகத்தையும் பாராமல் உங்கள் மேசையைக் காலி செய்தீர்கள்.

நேற்று நீங்கள் கிளம்பிய பின் நடந்ததைக் கேளுங்கள். ஓர் ஆசிரியர் ஒப்பமிட்ட பக்கத்தை மாற்ற இன்னோர் ஆசிரியர் ஒப்பமிட வேண்டும் என்பது இவ்வலுவலக விதி. எங்களை ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்தார். பதவி உயர்வைப் பற்றிக் கனிவாகவும், இடமாற்றத்தைப் பற்றி இன்னும் கனிவாகவும் பேசினார். எவரும் ஒப்பமிடவில்லை. பணி நிரந்தரமாகாத நம் சின்னவள் உள்ளே போனபோது, கதவோரம் நின்றோம்.

"போட்டுடறேன் சார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்னு நாளைக்கு யாராவது கேட்டா, எதைச் சொல்லட்டும்?" என்று கேட்டாள். அவர் தாளை அவள் பக்கம் தள்ளினார். அவள் பேனா மூடியைத் திறக்கவில்லை.

வழங்குதல் என்றால் கொடுத்தல். பேசுகிறவர் நாவில் புழங்குதலும் அதுவே என்று ஓயாமல் சொல்வீர்களே, அக்கா! ஒரு சொல் எப்படி வழங்க வேண்டும் என்பதை ஒரு நாற்காலி எப்படி முடிவு செய்யும்?

உங்கள் பக்கத்திலிருக்கும் இயந்திரத்தைத் திரும்பிப் பாருங்கள். அதில் ஏறியிருப்பது உங்கள் பக்கம். ஒரு புள்ளிகூட மாறவில்லை. இம்மடலின் கடைசிச் சொல் ஒலித்ததும் அச்சு அண்ணன் விசையைத் தட்டுவார். கோப்பைகளைக் கழுவிவிட்டு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கும் நம் தேநீர் அண்ணன் இம்மடலை உங்கள் கையில் தருவார்.

நோய் அண்டாமல், நூறு தாண்டி, நினைத்தபோதெல்லாம் நறுக்கென்று பேசி நீடு வாழ்க! பேரப்பிள்ளைகளின் கட்டுரைகளையாவது கொஞ்சம் விட்டுவைக்க!

நேற்று ஒப்பமிட மறுத்த அதே கைகளால், இன்று இதில் ஒப்பமிடுகிறோம்.

இங்ஙனம்,
அகராதி அலுவலகப் பணியாளர்கள்,
வழங்குநர்கள்.