இளஞ்சூடு

அண்ணன்: டார்ச்சை இந்தப் பக்கம் அடி. சுவத்துல என்ன, பல்லியா எண்ணிட்டிருக்கே?

தங்கை: எங்க அடிக்கறதுன்னே தெரியல அண்ணா.

அண்ணன்: நரம்பு தேடி ஊசி போடற நர்ஸுக்கு இது தெரியாதா? இன்னும் கீழே... எஞ்சினுக்கு அடியில. அந்தக் கறுப்பு ஒயர் தெரியுதா?

தங்கை: தெரியுது. கையில எதுக்குக் கட்டர்?

அண்ணன்: கதவைச் சாத்தினியா?

தங்கை: தாழே போட்டுட்டேன். முதல்ல விஷயத்தைச் சொல்லு. வார்டுல அத்தனை வேலை கிடக்கு. ஜெனரேட்டர் ரூம்ல எனக்கென்ன...

அண்ணன்: வெளிச்சம் காட்டத்தான். வேற யாரை நம்பிக் கூப்பிடறது? விசாரணைக்காரங்க பெரிய டாக்டர் ரூம்ல காபி குடிச்சிட்டிருக்காங்க. குடிச்சு முடிச்சா நேரா இங்கதான் வருவாங்க.

தங்கை: அதுக்குள்ள எதை வெட்டப் போறே?

அண்ணன்: ஹீட்டர் ஒயரை.

தங்கை: எஞ்சினுக்கு எதுக்கு ஹீட்டர்?

அண்ணன்: இந்த எருமை சும்மா படுத்திருக்கறப்பவும் உள்ள இருக்கற தண்ணி சூடாவே இருக்கணும். அதுக்குன்னு ஒரு ஹீட்டர். ராத்திரி பகல்னு பாக்காம ஓடிட்டே இருக்கும்.

தங்கை: ஓடாத எஞ்சினுக்கு எதுக்குச் சூடு? ஓடினாத்தானே சூடாகும்?

அண்ணன்: கரண்ட் போன உடனே ஆஸ்பத்திரி மொத்தத்தையும் இது ஒண்ணுதான் தூக்கணும். அசந்து தூங்கறவனைத் தட்டி எழுப்பி, தலையில மூட்டையை ஏத்தினா நிப்பானா? அதே கதைதான். எஞ்சின் சில்லுனு கிடந்தா எண்ணெய் கெட்டியா இருக்கும், டீசல் ஒழுங்கா எரியாது. நேத்து சாயங்காலம் கரண்ட் போனப்போ அதான் ஆச்சு. எழுந்துச்சு. வெள்ளை வெள்ளையாப் புகை கக்குச்சு. லோடு ஏறினதும் உக்காந்துடுச்சு. மறுபடி எழுப்பினேன். மறுபடி உக்காந்துடுச்சு. மூணாவது தடவைதான் தம் கட்டி நின்னுச்சு. அதுக்குள்ள மேல...

தங்கை: அப்போ... சூடு மட்டும் இருந்திருந்தா?

அண்ணன்: முதல் தடவையே எடுத்திருக்கும். லைட்டு ஒரு தடவை கண்ணைச் சிமிட்டியிருக்கும், அவ்வளவுதான். அதனாலதான் அந்த ப்ளக்கைக் கழட்டவே கூடாதுன்னு சொல்லுவாங்க.

தங்கை: எந்த ப்ளக்?

அண்ணன்: அதோ, மூலையில டேபிள் ஃபேன் இருக்கே, அதுக்குப் பின்னால. ஏன்?

தங்கை: சும்மா... சும்மாதான் கேட்டேன்.

அண்ணன்: டார்ச் எங்க போகுது பாரு.

தங்கை: இரு அண்ணா, சுவத்துல சாஞ்சுக்கறேன்.

அண்ணன்: என்னடி? மயக்கம் வருதா? சாப்பிட்டியா இல்லையா?

தங்கை: வென்டிலேட்டர்ல ரெண்டு பேர் இருந்தாங்க அண்ணா.

அண்ணன்: தெரியும். விடு.

தங்கை: பேட்டரி தாங்கும்னு சொன்னாங்க. தாங்கல. ரெண்டு மெஷினும் அடுத்தடுத்து நின்னுடுச்சு. கூட இருந்தவ டாக்டரைக் கூட்டிட்டு வர இருட்டுல ஓடிட்டா. நான் ஒருத்திதான். பையை அமுக்கி மூச்சுக் கொடுக்கணும். ஆளுக்கு ஒரு கைன்னு பிரிச்சுக் கொடுக்கற வேலையா அது? ஒரு பைக்கே ரெண்டு கையும்...

அண்ணன்: விடுன்னு சொல்றேன்ல!

தங்கை: ஜன்னலோரம் இருந்தவரை விட்டுட்டேன். அந்தத் தையல்காரரை. நேத்துக் காலைலதான் அவர் பொண்டாட்டி கிட்டச் சொன்னேன், இன்னும் ரெண்டு நாள்ல குழாயை எடுத்துடுவாங்க, வாய் திறந்து பேசுவார்னு. அந்தம்மா இன்னும் கீழே பெஞ்சுலதான் உக்காந்திருக்காங்க. என்னைப் பாத்ததும் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'நீ என்னம்மா பண்ணுவே, உனக்கிருக்கறது ரெண்டு கைதானே'ன்னு... எனக்கே ஆறுதல் சொல்றாங்க அண்ணா.

அண்ணன்: உன் மேல ஒரு தப்பும் இல்ல. நான் சொல்றேன் கேளு. இப்ப நீ டார்ச்சைப் பிடி. நான் ஒயரை வெட்டி நுனியைக் கருக்கி விட்டுடறேன். ஹீட்டர் தானாவே புட்டுக்கிச்சு, எஞ்சின் ஆறிப்போச்சு. முடிஞ்சுது கதை.

தங்கை: எஞ்சினைத் தொட்டா சுடுதே. ஹீட்டர் கெட்டுப் போச்சுன்னா யார் நம்புவாங்க?

அண்ணன்: காலைல ஒருக்கா ஓட்டிப் பாத்தேன், அந்தச் சூடுன்னு சொல்லிக்கறேன்.

தங்கை: எல்லாத்துக்கும் பதில் வெச்சிருக்கே.

அண்ணன்: ராத்திரி பூரா வேற என்ன பண்ணேன்? தூங்கினேன்னு நினைச்சியா?

தங்கை: ஹீட்டரைப் பாத்துக்கறது யாரு? அந்தச் சோடாபுட்டி மெக்கானிக்தானே?

அண்ணன்: ம்.

தங்கை: போன வாரம்தான் சர்வீஸுக்கு வந்தார். எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போனார். மொத்தமும் அவர் தலையில விழும்.

அண்ணன்: விழட்டும். அவரைப் பாத்துக்க அவர் கம்பெனி இருக்கு.

தங்கை: கிழிச்சுது. முதல்ல அவரைத்தான் கழட்டி விடுவாங்க. போலீஸ் வரைக்கும் போகும். அம்மா குளியலறையில விழுந்தப்போ நீ போனையே எடுக்கல. நான் கூப்பிட்டதும் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே ஓடி வந்து தூக்கினவர் அவர்தான். மறந்துட்டியா?

அண்ணன்: மறக்கல.

தங்கை: மறக்காமத்தான் பண்றியா?

அண்ணன்: யாராவது ஒருத்தர் தலையில விழுந்துதானே ஆகணும். நம்ம வீட்டுத் தலையா இருக்க வேண்டாம்னு பாக்கறேன். அவ்வளவுதான்.

தங்கை: நம்ம வீடா? அதெப்படி நம்ம வீட்டுக்கு வரும்?

அண்ணன்: நான்தானே ஆபரேட்டர்... என் ஷிஃப்ட்ல நடந்தது, என்னைக் கேக்க மாட்டாங்களா?

தங்கை: அண்ணா... நீ வந்ததும் முதல் வேலையா எஞ்சின்ல கை வெச்சுப் பாப்பியே.

அண்ணன்: பாப்பேன்.

தங்கை: அண்ணி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்களே. 'காய்ச்சல்ல கிடந்தாக்கூட என் நெத்தியைத் தொட்டுப் பாக்காத மனுஷன், அந்த எருமையைத் தடவிக் கொடுக்காம ஒரு வேலை பாக்க மாட்டார்'னு.

அண்ணன்: அவளுக்கு வேற வேலையில்ல.

தங்கை: நேத்து மத்தியானம் வந்ததும் கை வெச்சியா?

அண்ணன்: இல்ல.

தங்கை: ஏன்?

அண்ணன்: நல்ல மழை... நனைஞ்சு வந்தேன். ஏதோ ஞாபகத்துல விட்டுட்டேன். நீயே பெரிய விசாரணை ஆபீசர் ஆயிடுவே போலிருக்கே.

தங்கை: அவங்களும் இதைத்தானே கேப்பாங்க?

அண்ணன்: கேக்கட்டும். அவங்களுக்கும் இதே பதில்தான். டார்ச்சை அடி.

தங்கை: கட்டரைக் கொடு.

அண்ணன்: விளையாடாதே. படியில சத்தம் கேக்குது பாரு.

தங்கை: கொடு அண்ணா.

அண்ணன்: விடுடி! கையை வெட்டிக்கப் போறே...

தங்கை: கிடைச்சுடுச்சு. இனிமே இது என் கிட்டதான் இருக்கும். அவர் கழுத்தை வெட்ட நான் டார்ச் பிடிக்க மாட்டேன்.

அண்ணன்: உனக்கு என்ன பைத்தியமா? வாசல்ல வந்துட்டாங்க. தட்டறாங்க.

தங்கை: தட்டட்டும். நான் திறக்கறேன். சொல்றதுக்கு எனக்கு ஒண்ணு இருக்கு.

அண்ணன்: உனக்கு என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. வாயை மூடிக்கிட்டுப் பின்பக்கமாப் போயிடு.

தங்கை: அந்த ப்ளக்கைக் கழட்டினது நான்தான்.

அண்ணன்: மெதுவாப் பேசு!

தங்கை: நேத்துக் காலைல தொப்பலா நனைஞ்சு வந்தேன். ஆபரேஷன் தியேட்டர் உடுப்பு ஒண்ணைக் கடன் வாங்கிப் போட்டுக்கிட்டு, என் சீருடையைக் காய வைக்க இங்க கொண்டு வந்தேன். ஃபேனைப் போட வேற பாயின்ட் இல்ல. அந்த ப்ளக்கைப் பிடுங்கிட்டு மாட்டினேன். அது எதுக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணா. இப்ப நீ சொல்லித்தான் தெரியும். ராத்திரி வந்து துணியை எடுத்துக்கிட்டுப் பழையபடி மாட்டிட்டுப் போயிட்டேன்... ஜன்னலோரம் இருந்தவரை நான் கையை எடுத்துக் கொல்லல. காலைலயே கொன்னுட்டேன். நான் போய்ச் சொல்லிடறேன். நீ ஒண்ணும் பாக்கல, உனக்கு ஒண்ணும் தெரியாது. நீ தலையிடாதே.

அண்ணன்: தனியாச் சொல்லாதே... நேத்து கை வெச்சேன்டி. சில்லுனு இருந்துச்சு. திரும்பிப் பாத்தா ஃபேனுக்கு முன்னால உன் சீருடை, ப்ளக் தரையில கிடக்கு. துணியையும் தொட்டுப் பாத்தேன். காலர் இன்னும் ஈரமாத்தான் இருந்துச்சு. பாவம், காயட்டும், டீ குடிச்சிட்டு வந்து மாட்டிக்கலாம்னு... நான்தான் அப்படியே விட்டுட்டுப் போனேன்.