பின்னாடி கொஞ்சம் பனி

வாங்க வாங்க, பட்டம் வாங்கின பெரிய மனுஷங்களா. செருப்பை வெளியவே விட்டுட்டு வாங்க... அடப்பாவி கண்ணாடி, நிஜமாவே செருப்பைக் கழட்டிட்டியா? சும்மா சொன்னேன்டா. இது பேனர் அடிக்கிற கடை, தரை பூரா மை. வெறுங்காலோட வந்தா பாதம் நீலமாயிடும், உங்கம்மா உனக்கு என்னமோ நோய்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவாங்க. ஏய் ஸ்கேல், நீ குனிஞ்சு வாம்மா. அந்த ஃபேனும் உன் தலையும் ஒரே உசரம். மூணாவது வருஷம் நான் காலேஜை விட்டு ஓடினப்போ ரெண்டு பேரும் என்னா சொன்னீங்க? இவன் உருப்பட மாட்டான்னு. இப்ப பாரு, உருப்பட்டது ரெண்டும் உருப்படாதவன் கடை வாசல்ல பென் டிரைவோட நிக்குது.

உக்காருங்க. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும், அதுல கண்ணாடி உக்காரட்டும். கட்டடம் கட்டுறவன், விழாம இருக்கத் தெரியும். இரு, மெஷினை நிறுத்திடுறேன், இல்லன்னா நான் பேசுறது உங்களுக்குக் கேக்காது, நீங்க பேசுறது எனக்குப் புரியாது. நீங்க பேசுறது எப்பவுமே புரியாது, அது வேற.

குடு. ம்ம். நாப்பத்து மூணு மூஞ்சி. யாரு இவங்கல்லாம்? பஸ் டிப்போ பின்னாடி இருக்கே, அந்தக் குளத்தங்கரை ஆளுங்களா? சரி சரி. நாளைக்கு அவங்களோட மீட்டிங், இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள படம் வேணும். சுத்தமான குளம், நடைபாதை, மரம், நாலு கொக்கு, அதுக்கு நடுவுல இவங்க மூஞ்சி. அதானே?

என்னது? பாடத்துலயே சொல்லித் தர்றாங்களா? முன்னாடி வேலை பாத்த ஆபீஸ்ல நான் போட்ட வாய்க்கால் படத்தையா? அட. அதுக்கு என்னா பேரு வெச்சிருக்காங்க... மக்களோடு சேர்ந்து வடிவமைத்தல். ஆகா. நாங்க ஆபீஸ்ல அதுக்கு மூஞ்சி ஒட்டுறதுன்னு பேரு வெச்சிருந்தோம். உங்க பேரு நல்லாருக்கு, பரீட்சைக்கு எழுதலாம். படத்துக்குக் கீழ என் பேரு போட்டிருந்தாங்களா? இல்லல்ல. நல்லதாப் போச்சு.

படம் போட்டுத் தரேன்டா, இல்லன்னு சொல்லல. ஆனா நீங்க பரீட்சையில எழுதினது பாதிக் கதை. மீதியைக் கேட்டுட்டுப் போங்க. பத்து நிமிஷம். உங்க குளம் எங்கயும் ஓடாது.

காலேஜை விட்டு ஓடி நேரா அந்த ஆபீஸ்லதான் போய் விழுந்தேன். கண்ணாடிக் கதவு, உள்ள நுழைஞ்சா செடி, மாடிப்படியில செடி, பாத்ரூம்ல தண்ணியை மிச்சம் பிடிங்கன்னு ஒரு ஸ்டிக்கர், அதுக்குப் பக்கத்துலயும் ஒரு செடி. அந்தச் செடிக்குத் தண்ணி ஊத்தத்தான் யாரும் இல்ல. எனக்கு வேலை படம் போடுறது. அவங்க கோடு கோடா வரைஞ்சு குடுப்பாங்க, நான் அதுல வெயில் அடிக்க வைப்பேன். மனுஷங்கன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். ஓடுறவன், நாயைப் பிடிச்சுட்டு நடக்குறவ, பலூன் வெச்சிருக்க குழந்தை. எங்கயோ பனி கொட்டுற ஊர்ல எடுத்த ஆளுங்க. அதுல ஒருத்தன் முழங்கால் வரைக்கும் கோட்டு போட்டிருப்பான். அவனைக் கொண்டுபோய் நம்ம வாய்க்கால் கரையில நிக்க வெச்சேன். அந்த வாய்க்கால்ல மூக்கைப் பொத்தாம நின்ன ஒரே ஆளு அவன்தான்.

சிரிக்காத ஸ்கேல். நாத்தம் அப்படி. பாதி ஊரோட சாக்கடை அதுலதான். ரெண்டு கரையிலயும் இருநூத்திப் பன்னெண்டு வீடு. மழை பேஞ்சா கட்டிலுக்கு மேல கட்டிலைப் போட்டு உக்காந்திருப்பாங்க. அந்த இடத்தை அப்படியே விட்டுடணும்னு நான் சொல்லவே மாட்டேன். கோரைப் புல்லு நட்டு, அது வழியா தண்ணியை மெதுவா ஓடவிட்டுச் சுத்தம் பண்றதுன்னு திட்டம். நல்ல திட்டம்டா. இன்னிக்கும் சொல்றேன். இப்ப போய்ப் பாரு, தண்ணியில அடி தெரியுது. கொக்கு நான் ஒட்டினது இல்ல, தானா வருது.

அந்த ஆபீஸ்ல ஒரு மேடம் இருந்தாங்க. வாய்க்கால் கணக்கெல்லாம் அவங்கதான், எல்லாரும் தண்ணி மேடம்னு கூப்பிடுவோம். அவங்க ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. வீடுங்களைக் கரையில இருந்து முப்பது அடி பின்னாடி தள்ளி, மூணு மூணு மாடியா கட்டிட்டா, முன்னாடி புல்லுக்கும் இடம், பின்னாடி இருநூத்திப் பன்னெண்டு வீட்டுக்கும் இடம். ஒரு ஆள் நகர வேணாம். பேப்பர்ல எல்லாம் உக்காந்துச்சு. நானே அளந்து பாத்தேன்.

அப்புறம் என்னாச்சா? அக்கரையில ஒரு கண்ணாடிக் கட்டடம் இருக்குல்ல, இருவது மாடி. பணம் போடுறது அவங்க. பூங்கா சூப்பர், ஆனா எங்க ஜன்னல்ல இருந்து பாத்தா துணி காயப்போட்ட கொடி தெரியக்கூடாதுன்னுட்டாங்க. அவ்ளோதான். மூணு மாடி போச்சு. இருநூத்திப் பன்னெண்டு வீட்டையும் எங்க வைக்கிறதுன்னா, ஊருக்கு வெளிய ஏற்கெனவே கட்டி காலியாக் கிடந்த அடுக்கு வீடுங்க. மேடம் அன்னிக்கே பையைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. டிபன் பாக்ஸைக் கூட எடுக்கல. ரொம்ப நாள் என் மேஜையிலதான் இருந்துச்சு.

இதுக்கு நடுவுலதான் மூஞ்சி ஒட்டுற ஐடியா. யாரு ஐடியான்னு கேக்குறியா? என்னோடதுதான். கோட்டுக்காரனைப் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு. அந்தக் கரை ஆளுங்களையே படத்துல உக்கார வெச்சா என்னான்னு பாஸ்கிட்ட சொன்னேன். அவரு என் முதுகுல தட்டினாரு பாரு, அப்பாவே அப்படித் தட்டினதில்ல.

கேமராவைத் தூக்கிட்டுப் போனேன். முதல்ல மாட்டினது இஸ்திரி அக்கா. மரத்தடியில தள்ளுவண்டி, கரிப்பெட்டி, மூடியில ஓட்டை போட்ட தண்ணி பாட்டில். துணி மேல தண்ணியைத் தெளிச்சுட்டுப் பெட்டியை வெச்சா புஸ்ஸுன்னு ஆவி கெளம்பும், அக்கா மூஞ்சி மறைஞ்சு திரும்பி வரும். நான் நிக்கச் சொன்னேன், அவங்க நிக்கல. தம்பி, பெட்டி ஆறிடும், நான் தேய்ச்சுக்கிட்டே இருக்கேன், நீ எடுன்னாங்க.

அவங்க வீட்டுக்காரர் பக்கத்துல ஒரு மரப்பெட்டி மேல உக்காந்திருந்தாரு. மாமா. மூட்டை தூக்கின ஆளு, ஒரு காலத்துல மூணு மூட்டையை ஒண்ணாத் தூக்குவாராம். ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். காலையில ஆறு மணிக்கு மெஷின். தாண்டிடுச்சுன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்க. ஆஸ்பத்திரி வாய்க்காலுக்குப் பின் தெருதான், பதினோரு நிமிஷம். அக்கா கை பிடிச்சா பதினாலு. அவங்க ரெண்டு பேருக்கும் அந்த வீடுன்னா சுவரு கூரை இல்லடா. அந்தப் பதினோரு நிமிஷம்தான்.

போட்டோன்ன உடனே மாமா, இந்தச் சட்டையில நான் வரமாட்டேன்னு அடம். அக்கா இஸ்திரி போட்டு அடுக்கின துணியில இருந்து யாரோ ஒரு ஆபீசர் சட்டையை உருவி மாட்டிவிட்டாங்க. வெள்ளையில நீலக் கோடு. போட்டோ எடுத்து முடிச்சதும் கழட்டி, மறுபடியும் தேய்ச்சு, அதே மடிப்புல அடுக்கிட்டாங்க. உங்க பாடப் புத்தகத்துல பெஞ்சுல உக்காந்து சிரிக்கிறாரே ஒரு பெரியவர், நல்ல சட்டை போட்டுக்கிட்டு? அவர்தான். சட்டை அவரோடது இல்ல.

படம் ரெடியாச்சு. மேடம் வரைஞ்ச மூணு மாடி வீடுங்க அந்தப் படத்துல பின்னாடி இன்னும் இருந்துச்சு. எடுத்துடட்டுமான்னு பாஸைக் கேட்டேன். எடுக்காத, பின்னாடி கொஞ்சம் பனி போட்டு விடுன்னாரு. தூரத்துல இருக்குறது மங்கலாத் தெரிஞ்சாதான் படம் அழகுன்னாரு. உண்மைதான், நமக்கும் காலேஜ்ல அதானே சொல்லிக் குடுத்தாங்க. நானும் போட்டேன். ஒரே ஒரு பட்டன். வீடு மாதிரியும் இருக்கு, மேகம் மாதிரியும் இருக்கு.

மீட்டிங் ஒரு பள்ளிக்கூட ஹால்ல. படத்தைச் சுவரு அகலத்துக்கு மாட்டியிருந்தோம். ஜனம் உள்ள வந்துச்சு பாரு... யாரும் மைக்குல பேசுனதைக் கேக்கல. எல்லாரும் படத்துக்கிட்ட போய்த் தன்னைத் தேடுறாங்க. ஏய் நீ இங்க இருக்கடி, என்னை ஏன்டா குப்பைத்தொட்டி பக்கத்துல வெச்சான்னு ஒரே கலாட்டா. மாமா தன் மூஞ்சியைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறாரு. தன்னையே அதுக்குள்ள பாத்தப்புறம், நாம அங்க இருக்க மாட்டோம்னு எவனுக்குத் தோணும், சொல்லு?

ஒரே ஒரு ஆளுக்குத் தோணுச்சு. இஸ்திரி அக்கா பின்னாடி இருந்து கையைத் தூக்கிட்டாங்க. படத்துல எங்களை உக்கார வெச்சிருக்கீங்க, சந்தோசம். பின்னாடி புகை மாதிரி என்னமோ தெரியுதே, அது எங்க வீடா? இல்ல, வீடு வேற எங்கயாச்சுமா? இவருக்கு ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கணும்னாங்க.

பாஸ் மூஞ்சி வெளுத்துப் போச்சு. அப்ப ஆபீஸ் ஆளு ஒருத்தன் எழுந்து சொன்னான், அக்கா, அது உங்க வீடுதான், நீங்க பெட்டி வெச்சதும் ஆவி கெளம்புதுல்ல, அதுல மங்கலாத் தெரியுதுன்னான். ஹாலே குலுங்கிடுச்சு. அக்காவும் சிரிச்சாங்க, மாமா இருமி இருமிச் சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே வந்து, பூங்காவுக்குச் சம்மதம்னு வெச்சிருந்த பேப்பர்ல அக்காதான் முதல் கையெழுத்து. அவங்க பின்னாடி மொத்த வரிசையும். வேற இடத்துக்குப் போகச் சம்மதம்னு ரெண்டாவது பக்கத்துல பொடி எழுத்துல இருந்துச்சு. அதை யாரு திருப்பிப் பாத்தா?

மூணே மாசம். லாரி வந்துச்சு. நாப்பத்திரண்டு கிலோமீட்டர். நாலாவது மாடி, லிஃப்ட்டுக்கு இடம் விட்டிருந்தாங்க, லிஃப்ட் விடல. முதல் பஸ் அஞ்சு மணிக்கு, நடுவுல இன்னொரு பஸ் மாறணும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஏழேகால். மாமா மெஷின்ல வேற ஆளு படுத்திருப்பாரு. கெஞ்சிக் கூத்தாடி சில நாள் சாயங்காலம் கிடைக்கும், சில நாள் கிடைக்காது. ரெண்டாவது மாசம், திரும்பி வர்ற பஸ்ஸுல, ஜன்னலோரமா... ஆமா. அக்கா தூங்குறாருன்னு நெனச்சுக்கிட்டு அஞ்சு ஸ்டாப் வந்திருக்காங்க.

இப்ப அக்கா அதே கண்ணாடிக் கட்டடத்துல தரை துடைக்கிறாங்க. அந்த அடுக்கு வீட்டுப் பக்கம் யாரு இஸ்திரிக்குத் துணி குடுப்பா? தினம் போக வர எண்பத்து நாலு கிலோமீட்டர். இருநூத்திப் பன்னெண்டு வீட்டு ஆளுங்களும் அப்படித்தான். முன்னாடி எல்லாரும் நடந்தே வேலைக்குப் போனவங்கடா. ஒரு சொட்டு டீசல் எரிச்சதில்ல. பூங்காவால இவ்ளோ புகை குறைஞ்சுச்சுன்னு ஆபீஸ்ல ஒரு கணக்கு போட்டாங்களே, நீங்க படிச்சிருப்பீங்க. அந்தக் கணக்கு வாய்க்கால் முனையில நின்னுடும். பஸ் ஏறாது.

சரி, இப்ப நீங்க சொல்லுங்க. உங்க குளத்து ஆளுங்க எங்க போறாங்க? இன்னும் முடிவாகலயா? கண்ணாடி, நீ பொய் சொன்னா உன் கண்ணாடி மேல ஏறும், காலேஜ்லேருந்தே அப்படித்தான். ஸ்கேல், நீ சொல்லு. ஏன் தரையைப் பாக்குற? மை காஞ்சுடுச்சான்னு பாக்குறியா? எவ்ளோ தூரம்? ம்ம். முப்பத்தெட்டு. பரவால்ல, நாலு கிலோமீட்டர் மிச்சம்.

போட்டுத் தரேன். மரம் போடுறேன், கொக்கு போடுறேன், நாப்பத்து மூணு மூஞ்சியும் போடுறேன். பனி போட மாட்டேன். வீடு இல்லாத இடத்துல வெறும் வானம்தான் இருக்கும். கீழ பெரிய எழுத்துல முப்பத்தெட்டு கிலோமீட்டர்னு வரும். அப்படிப் போட்டா யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்களா? போடலன்னா குளத்தங்கரையிலயே எப்படி இடம் விடுறதுன்னு நீங்க உக்காந்து வரைஞ்சுதான் ஆகணும். அஞ்சு வருஷம் எதுக்குப் படிச்சீங்க?

பென் டிரைவைக் கேக்காத. இரு. இன்னும் ஒண்ணு இருக்கு.

போன வாரம் அக்கா இங்க வந்தாங்க. இதே ஸ்டூல்ல உக்காந்தாங்க, கால் ஆடுதுன்னு கீழ ஒரு அட்டையை மடிச்சு வெச்சாங்க. மாமா போட்டோ வேற எதுவும் இல்லயாம். தம்பி, அந்தப் பெரிய படத்துல இருந்து அவரை மட்டும் வெட்டித் தர முடியுமான்னு கேட்டாங்க. சட்டை அவரோடது இல்லதான், பரவால்ல, சட்டையோடவே குடுன்னாங்க. பெஞ்சு, மரம், வாய்க்கால் எல்லாத்தையும் அழிச்சுட்டுக் குடுத்தேன். காசு நீட்டினாங்க. நான் வாங்கல.

போகும்போது வாசல்ல நின்னு சொன்னாங்க. நீ அன்னிக்குச் சொன்ன ஆவி கதையை மாமா பஸ்ஸுல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாருப்பா, நல்லாப் பேசுற தம்பி நீன்னாங்க.

ஆமாடா. நான்தான். வேற எந்த ஆபீஸ் ஆளுக்கு அவ்ளோ வேகமா வாய் வரும்? தெரியாமச் சொன்னேன்னு நெனைக்காத. அதுக்கு முந்தின நாள்தான் அந்த அடுக்கு வீட்டைப் போட்டோ எடுக்க என் வண்டியில போயிட்டு வந்தேன். மீட்டர்ல பாத்தேன், நாப்பத்திரண்டு. அக்கா கேக்கும்போது அந்த நம்பர் என் வாய்க்குள்ளதான் இருந்துச்சு. ஜோக் முந்திக்கிச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு நல்லாருந்துச்சு, நான் உக்காந்துட்டேன்.