மெத்தைக் கடைக்கு எக்ஸ்எல்

— ‘மெத்தைக் கடை சைஸ், எக்ஸ்எல்.’ இவ்வளவுதானா அனுப்புனீங்க அண்ணே?

— மேலே ஒரு வணக்கம் போட்டிருந்தேன் மேடம். உங்களுக்கு அனுப்பினது, விரல் வழுக்கி மெத்தைக் கடைக்காரருக்கே போயிடுச்சு.

— சின்ன வேலைன்னா ஸ்மால், பெரிய வேலைன்னா எக்ஸ்எல்னு சட்டை சைஸ்ல அளக்கறது சாஃப்ட்வேர்காரங்க நமக்குள்ள பேசிக்கற பாஷை. மேனேஜர்னு நான் ஒருத்தி எதுக்கு இருக்கேன்?

— என்னைத் திட்டத்தான். சரி, அவருக்கு என்ன வேணும்னு அவருக்கே இன்னும் தெரியல. இப்பவே இத்தனை மாசம்னு சொன்னா அது புரோகிராம் இல்ல, ஜோசியம். சின்னதா பெருசான்னு வேணா சொல்லலாம்.

— அவர் கேட்டது வெப்சைட்ல ஒரே ஒரு பட்டன் அண்ணே. அமுக்கினா மெத்தை வீட்டுக்கு வரணும். இது எக்ஸ்எல்லா?

— எந்த வண்டியில வரும்? மாடிப்படியில திரும்புமா? புடிக்கலன்னா யார் திருப்பித் தூக்கறது? அந்தப் பட்டனுக்கு அடியில ஒரு ஊரே குடியிருக்கு தாயே.

— எனக்கும் தெரியுது. ஆனா போட்டிக்கு வந்த ரெண்டு கம்பெனியும் ஸ்மால்னு அனுப்பியிருக்காங்களாம். கையில வேற ஆர்டர் இல்ல. இதுவும் போச்சுன்னா, புதுசா சேர்ந்த ரெண்டு பிள்ளைங்களையும் கூப்பிட்டு, நாளையிலேர்ந்து வராதீங்கன்னு நான்தான் சொல்லணும்.

— அய்யோ, அதுங்க இன்னும் நாற்காலி உயரத்தைக்கூட சரி பண்ணிக்கலையே. மீடியம்னு மாத்தி அனுப்பட்டுமா? ஆனா ஒண்ணு, நான் மீடியம்னு சொன்ன எதுவும் மீடியமா முடிஞ்சதில்ல. என் கல்யாணம் உட்பட.

— இருங்க, அவரே கூப்பிடறார். ஸ்பீக்கர்ல போடறேன், வாயைத் திறக்காதீங்க. வணக்கம் சார்.

— வணக்கம்மா. பாருங்க, மெசேஜ் வந்துச்சு. எக்ஸ்எல்னு போட்டிருக்கு.

— சார், அது முதல் கணக்குதான். வேணும்னா கொஞ்சம் குறைச்சு...

— குறைச்சா எனக்கு எப்படிம்மா பத்தும்? பாருங்க, மத்த ரெண்டு கம்பெனியும் ஸ்மால்னு அனுப்பினப்பவே வேண்டாம்னுட்டேன். எதிர்ல உக்காந்து பேசிட்டுப் போனவங்க என் தொப்பையையே கவனிக்கல, கடையை எங்க கவனிக்கப் போறாங்க? வேலை உங்களுக்குத்தான், நிதானமா செஞ்சு குடுங்க. சட்டையை மட்டும் நீலக் கலர்ல அனுப்புங்க.