கோட்டைக்கு இரண்டு வழி

2023 டிசம்பர் 26, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தே முக்கால் மணிக்கு கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டிலிருந்து நாங்கள் மூன்று பேர் தமிழ்நாட்டிலுள்ள கழுகுமேட்டுக் கோட்டைக்குக் கிளம்பினோம்.

வண்டி சுதீருடையது. காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். அவன் அப்பாவின் அரிசிக் கிடங்கும் எங்கள் சுக்குக் கிடங்கும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கின்றன. முன்னால் அவன் பக்கத்தில் ரஃபி. என் மனைவி சஃபியாவின் தம்பி, என் தொழில் கூட்டாளி, வயது முப்பத்தெட்டு. பின்னால் மூன்று பைகளோடு ஷௌகத் அலியாகிய நான், ஐம்பத்தாறு. முழங்கால் வலி உண்டு. அதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் மலையடிவாரத்து ஸ்டேஷனிலிருந்து என் கிடங்கு வரை வந்து, நடந்ததை என் கையாலேயே எழுதித் தரும்படி கேட்டீர்கள். எனக்கு அதில் சிரமமில்லை. சின்ன வயதில் அத்தா என்னை உத்தமபாளையத்தில் சாச்சா வீட்டில் விட்டுப் படிக்கவைத்தார். எங்கள் மூவரில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ரஃபியும் சுதீரும் வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர்கள், ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழ்நாட்டுப் பஸ்ஸில் ஏறும் முன் ஊர்ப்பெயரை யாரிடமாவது கேட்டுத்தான் ஏறுவார்கள்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வருடத்துக்கு ஒரு மலைக்கோட்டை. கோட்டை வாசலுக்குக் கடைசியாக வந்து சேர்பவர், அடுத்த டிசம்பர் வரை வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் மற்றவர்களுக்குத் தன் கையால் சாயா போட்டுத் தர வேண்டும். ரஃபி வைத்த சட்டம். ஆறு கோட்டைகள் பார்த்துவிட்டோம். ஆறு வருடமும் சாயா நான்தான் போட்டேன். நன்றாகவே போடுவேன், ஏலக்காய் சேர்ப்பேன்.

பஜாரில் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் குளித்தாலும் போகாது. முதலில் ரஃபி என்னைச் 'சாயா இக்கா' என்றான். இக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். பிறகு கிடங்கில் மூட்டைச் சுமடு எடுப்பவர்கள் சொன்னார்கள். பிறகு சுமடு எடுப்பவர்களின் பிள்ளைகள். என் மகள் நிஸாவின் நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அத்தாவுக்கு ரஃபி என்னை இப்படி அறிமுகம் செய்துவைத்தான்: "இதான் எங்க மச்சான். மட்டாஞ்சேரியில வந்து சாயா இக்கான்னு கேளுங்க, கொச்சுப்பிள்ளைகூட வழி காட்டும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு நாள் கழித்து, பெண்ணின் அத்தாவுக்குச் சாயாக்கடை ஏதும் உண்டா என்று தரகர் மூலமாக விசாரித்தார்கள். அதற்கும் சிரித்தேன். கல்யாணம் குறையில்லாமல் நடந்தது.

ரஃபியின் மேல் எனக்குக் கோபம் இருந்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவனைப் போல ஒருவன்மேல் கோபப்பட முடியாது. முதல் நாள் ஏற்றத்தில் என் பையையும் அவனே தூக்கிக்கொண்டான். வழித்துணைக்கு வந்த முத்துவேல் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த நேரத்தில், என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டான். தேய்த்துக்கொண்டே முத்துவேலிடம் சொன்னான்: "அண்ணே, இது பழைய மாடல் வண்டி. வருஷா வருஷம் சர்வீஸ் பண்ணித்தான் மலை ஏத்துறது." முத்துவேல் மலைக்காரர், கண்டிப்பான ஆள். அவரும் சிரித்துவிட்டார். தைலம் நல்ல தைலம்.

இருபத்தெட்டாம் தேதி காலையில் சுதீரின் ஷூ அடிப்பாகம் பெயர்ந்துவிட்டது. கயிறு போட்டுக் கட்டி நடத்திக் கூட்டிவருகிறேன், பாதை ஒன்றே ஒன்றுதான், பிரிகிற இடத்தில் போர்டு இருக்கும், பார்த்துப் போங்கள் என்று முத்துவேல் எங்கள் இருவரையும் முன்னால் அனுப்பினார். ஆகவே அந்த வருடம் கடைசி ஆள் சுதீர்தான் என்பது காலை எட்டரைக்கே முடிவாகிவிட்டது. இதைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். சாயாவுக்காகச் செய்தேன் என்று வழக்கில் எழுதினால் அது பிழை.

ரஃபி வழக்கம்போல முன்னால் போய்விட்டான். பத்தே முக்காலுக்குப் பாதை பிரிகிற இடத்துக்கு நான் வந்தபோது அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான். ஏழு வருடத்தில் முதல்முறையாக எனக்காகக் காத்திருந்தான். இடப்பக்கம் மதிலை ஒட்டிப் பழைய கல்படிகள் மேலே ஏறின. வலப்பக்கம் மண்பாதை மலையைச் சுற்றிக்கொண்டு போனது. நடுவில் ஒரு தகரப் போர்டு.

"மச்சான், இதில எந்தா எழுதியிருக்கு? ஃபோன்ல காட்டலாம்னா ரேஞ்ச் இல்ல."

"இத்தனை நேரம் இதுக்கா உக்காந்திருக்கே?"

"பின்னே? தமிழ் பண்டிதர் வரட்டும்னுதான்."

பண்டிதர் என்றதில்கூட ஒரு சிரிப்பு இருந்தது. நான் மூச்சு வாங்கி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, போர்டை முழுவதும் படித்தேன். பிறகு அவனிடம் சொன்னேன்: "இடப்பக்கம் ராஜா போன படிவழி, வாசலுக்குப் பக்கம். வலப்பக்கம் சுத்து."

"அப்ப நீங்க?"

"என் முட்டிக்குப் படி ஆகாது, மாப்ளே. நான் சுத்தியே வர்றேன்."

"மெல்ல வாங்க. மேல போய் உங்களுக்கு உக்கார ஒரு கசேரை போட்டு வைக்கிறேன்."

ஒரு படி விட்டு ஒரு படி ஏறிப் போனான். என் பை அப்போதும் அவன் தோளில்தான் இருந்தது.

அந்தப் போர்டை நீங்கள் போட்டோ எடுத்து வைத்திருக்கிறீர்கள். இருந்தாலும் எழுதிவிடுகிறேன். 'மழையில் படிகள் சரிந்துள்ளன. கீழே சுனைப் பள்ளம். இடப்பக்கம் செல்லாதீர். உயிருக்கு ஆபத்து.' நான்கு வரி. எழுத்து தெளிவாகவே இருந்தது.

நான் மண்பாதையில் போனேன். என் வாழ்நாளில் ஒரு மலையில் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை. பை இல்லாதது ஒரு காரணம். நெல்லி மரங்கள் நிறைய இருந்தன, காற்றும் நன்றாக இருந்தது. கோட்டை வாசலில் யாரும் இல்லை. சட்டைப்பையில் நான்கு பேரீச்சம்பழம் இருந்தது. வாசல்கல்லில் உட்கார்ந்து நிதானமாகத் தின்றேன். முதலில் வருபவனுக்கு என்ன தெரியும் என்று பல வருடங்களாக யோசித்திருக்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. ஏறி வந்த வழி தெரிகிறது, இனி வரப்போகிறவர்கள் சின்னதாகத் தெரிகிறார்கள்.

கொஞ்ச நேரத்தில் மதிலுக்குக் கீழிருந்து, "மச்சான்" என்று குரல் வந்தது.

இங்கே நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாவது கோட்டையில் இதே ரஃபி, "மச்சான், என் கால் போச்சு" என்று பள்ளத்திலிருந்து கத்தினான். நான் விழுந்தடித்து இறங்கினேன். இரண்டு முழங்காலும் சிராய்த்துப்போயின. கீழே அவன் பாறையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே என்னை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அந்த வீடியோவைப் பஜார் முழுக்கப் பார்த்தார்கள். சஃபியா இரண்டு தடவை பார்த்தாள். ஆகவே குரல் வந்தவுடன் ஓடாமல் இருந்ததை யாரும் தவறு சொல்ல முடியாது.

இந்தத் தடவை ஆரஞ்சு இல்லை என்பது எனக்குத் தெரியும். போர்டைப் படித்தவன் நான்.

கடைசியில் அவன் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். பிறகு சுதீரும் முத்துவேலும் வந்தார்கள். ரஃபி எங்கே என்று முத்துவேல் கேட்டார். வருவான், விளையாட்டுக்காரன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் மதிலோரம் போய் எட்டிப் பார்த்தார். பிறகு கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

சாயங்காலத்துக்குள் அடிவாரத்துக்குக் கொண்டுவந்தோம், மறுநாள் கொச்சி ஆஸ்பத்திரிக்கு. முப்பதாம் தேதி அவனுக்கு நினைவு தெளிந்தபோது உங்கள் ஆள் வாக்குமூலம் எடுத்தார். சஃபியாவும் அவன் மனைவி அன்ஸியாவும் கட்டில் பக்கத்தில் நின்றார்கள். ரஃபி சொன்னான்: "மச்சான் வேண்டாம்னுதான் சொன்னார். நான் கேக்கல." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. போர்டில் இருந்ததை, கீழே கொண்டுவரும் வழியில் அவன் இடையிடையே கண் விழித்தபோது முத்துவேல் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அக்காவின் முகத்துக்காக அப்படிச் சொன்னான். அன்று முதல் சஃபியா சொந்தக்காரர் எல்லோரிடமும் என் பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அதோடு விட்டிருக்கலாம். வழக்கு முடிந்திருக்கும். நேற்று நீங்கள் சுதீரின் வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். என்மேல் உள்ள அன்பினால் அவன் சொல்லியிருக்கிறான்: 'ஷௌகத் சேட்டன் மிகவும் மெதுவாக நடப்பவர். எங்களுக்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் வாசலுக்கு வந்திருப்பார். ரஃபியின் குரலை அவர் கேட்டிருக்க வாய்ப்பில்லை.' நீங்களும் தலையாட்டிக்கொண்டே அதை மடித்து வைத்தீர்கள்.

அது சரியல்ல சார். அன்று நான் மெதுவாக நடக்கவில்லை. நான் வாசலுக்கு வந்தபோது மணி பதினொன்று இருபது. அவன் முதலில் கூப்பிட்டது பதினொன்று முப்பத்தைந்துக்கு. கடைசியாகக் கூப்பிட்டது பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது. பதினேழு தடவை. சுதீரும் முத்துவேலும் வந்தது பன்னிரண்டே காலுக்கு. ஐம்பத்தைந்து நிமிடம் நான் அங்கே தனியாக இருந்தேன்.

ரஃபி ஜனவரி 3 காலை ஒன்பது மணிக்கு இறந்தான். சுதீர் சொன்ன நேரத்தை மட்டும் திருத்திவிடுங்கள்.