கார் நிற்கும் குழி

நிக்கோபார் தீவின் கேம்பல் பேயில் கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நடுவயதுக் கணவன் மனைவி. சுனாமியில் போன வீட்டுக்குப் பதிலாகப் புது வீடு கட்டியவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“லைஃப் ஜாக்கெட்டை யாராவது காருக்கு அடியில ஒளிச்சு வைப்பாங்களா?” என்றாள் அந்த அம்மா.

“கராஜ் தரையில பக்காவா குழி கட்டி, மூடி போட்டு வச்சிருக்கேன். வெளியில கிடந்தா எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்.”

“நேத்து பூமி ஆடுச்சே, எடுத்தீங்களா?”

“மூடி மேல வண்டி நிக்குது. சாவி கிடைக்கல.”

“ஊரே மேட்டுக்கு ஓடுது. நானும் பாப்பாவைத் தூக்கிட்டு ஓடுறேன். திரும்பிப் பார்த்தா உங்களைக் காணோம்! தண்ணி வந்திருந்தா?”

“அரே, வரலைல்ல? விடு.”

“எப்படி விடுறது? சுனாமி அன்னிக்கு எங்க அண்ணனும் போட் இன்ஜினை எடுத்துட்டு வரேன்னுதானே போனான்?”

“சரி, வீட்டுக்குப் போனதும் வாசல்லயே மாட்டிடறேன்” என்றார்.

“எங்க வேணா மாட்டுங்க. அடுத்த தடவை எதையும் தேடாம என்கூட ஓடி வாங்க.”